பத்துக் கட்டு நாற்று

"நாத்தெல்லாம் ஒரே நாத்தங்கால்ல எடுத்ததுதானேம்மா?"

விதைச்சான்று அலுவலர் லாவண்யா வரப்பில் நின்றபடி இப்படிக் கேட்டதும் சகாயம்மாள் தலையை ஆட்டினாள். கையில் காகிதம் வைத்திருப்பவர்கள் எது கேட்டாலும் அவள் தலையைத்தான் ஆட்டுவாள். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றபோது டீச்சர் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, இனிமேல் வரவே மாட்டியா என்று கேட்டார். அதற்கும் ஆட்டினாள். கல்யாணத்தன்று மாதாகோயிலில் சாமியார் சம்மதமா என்று கேட்டபோது அவள் ஆட்டிய ஆட்டில் தலையில் இருந்த பூ நழுவிவிட்டது என்று புருஷன் சவரிராஜ் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். வாயைத் திறப்பதைவிட அது சுலபம். கேட்டவர்களும் திருப்தியாகப் போய்விடுவார்கள்.

லாவண்யாவும் தாளில் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போனார். அவர் நாலு வரப்பு தாண்டிய பிறகுதான் சகாயம்மாளுக்கு, நடவன்று பக்கத்து வயலிலிருந்து வந்த அந்தப் பத்துக் கட்டு ஞாபகம் வந்தது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். கூட சங்கத்துச் செக்ரட்டரி, பக்கத்து வயல்காரர்கள் என்று ஐந்தாறு பேர். அத்தனை பேருக்கும் நடுவில் எப்படிச் சொல்வது? பச்சைப் பசேலென்று எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு களை பறிக்கக் குனிந்துவிட்டாள். அது ஐப்பசி மாதம்.

நல்லாந்தாங்கல், ஆரணியிலிருந்து போளூர் போகிற வழியில் ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ளே இருக்கிற ஊர். பாதி வீட்டு ஆண்கள் காலையில் சோற்று டப்பாவை மாட்டிக்கொண்டு ஆரணிக்குத் தறி நெய்யப் போய்விடுவார்கள். நிலம் பெண்கள் கையில். சவரிராஜும் பட்டுத்தறிக்காரன்தான். ஒன்றேகால் ஏக்கரைச் சகாயம்மாள்தான் பார்த்துக்கொண்டாள். வயலில் வேலை இல்லாத நாட்களில் அவளும் ஆரணிக்குப் போய்ப் பாவு பிணைப்பாள். தறியில் தீர்ந்துபோன பாவின், அதாவது நெடுக்கு இழைகளின், நுனியோடு புதுப் பாவின் நுனியை, விரலில் சாம்பல் தொட்டு, இழை இழையாக முறுக்கிச் சேர்க்கிற வேலை. ஒரு பாவுக்கு நாலாயிரம் இழை. ஒன்று மாறிப் போனாலும் சேலை முழுக்கக் கோடு விழும்.

ஊருக்குச் சங்கம் என்றால் ரோட்டோரத்து மஞ்சள் கட்டடம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் என்கிற முழுப் பெயர் போர்டில் மட்டும் இருந்தது. யூரியா வந்தால் போவார்கள், பயிர்க்கடனுக்குப் போவார்கள், மற்ற நாட்களில் அதன் நிழலில் பஸ்ஸுக்கு நிற்பார்கள். போன ஆடி மாதம் செக்ரட்டரி தனசேகரன் குடோனில் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு ஒரு கூட்டம் போட்டார். நாடு முழுக்க இருக்கிற சங்கங்கள் பங்கு போட்டு, விதைக்கென்றே ஒரு பெரிய கூட்டுறவு ஆரம்பித்திருக்கின்றன என்றும், நம் சங்கமும் அதில் ஒரு பங்காளி என்றும் சொன்னார். அவர்கள் விதைநெல் கேட்கிறார்கள். ஏரிக்குக் கீழே ஒட்டினாற்போல இருக்கிற எட்டு ஏக்கரில் ஆறு குடும்பமும் ஒரே சன்ன ரகத்தை வைத்தால், அறுவடையை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

நடவு நடுகிற பெண்களுக்குத் தலைவி முனியம்மா. அந்த எட்டு ஏக்கரில் அவளுக்கும் முக்கால் ஏக்கர் உண்டு. அவள் எழுந்து, "இத்தினி வருசமா சங்கம் நமக்கு மூட்ட குடுத்துச்சி. இப்பத்தான் நம்மகிட்ட மூட்ட கேக்குது. கேக்கட்டும், இத்த வுடக்கூடாது" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் அதில் விஷயம் இருந்தது. அதுவரைக்கும் நெல்லை அறுத்தால் ஆரணி அரிசி ஆலைகளுக்குப் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட் வருவான். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து ஊதி, ஈரம் என்பான், பதர், கருக்கா என்பான். அவன் சொன்னதுதான் சட்டம். நாம் விளைத்த நெல்லை நல்ல நெல் என்று ஒருவர் சொல்லி, அதை வேறு எங்கோ ஒரு விவசாயி நம்பி விதைப்பான் என்பது அந்த ஊருக்குப் புதுசு. சகாயம்மாளுக்கு அந்த நினைப்பு ரொம்பப் பிடித்திருந்தது. குடோனிலிருந்து வீட்டுக்கு வருகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

தனசேகரன் ஒரு நிபந்தனையும் சொன்னார். எட்டு ஏக்கரும் சங்கத்தின் பேரில் ஒரே பதிவு. ஆயிரம் கதிருக்கு இரண்டுக்கு மேல் வேறு ரகம் தென்பட்டால் தேறாது. ஒரு வயல் தேறாவிட்டால் எட்டு ஏக்கரும் தேறாது. அப்புறம் அது ஏஜென்டுக்குப் போகிற நெல்தான்.

புரட்டாசியில் நடவு நடந்தது. விடிந்ததிலிருந்து தூறல். சகாயம்மாள் வயலில் வடகிழக்கு மூலையை நெருங்கும்போது நாற்று குறைந்துவிட்டது. நாற்று குறைவது அங்கே பெரிய சங்கதி இல்லை. குறைந்தவர்கள் கேட்பார்கள், மிகுந்தவர்கள் கொடுப்பார்கள். நல்லாந்தாங்கலில் நாற்றுக்கு யாரும் விலை சொன்னதும் இல்லை, இல்லை என்று சொன்னதும் இல்லை. அதிலும் அடுத்த வயல் பச்சையப்பன், யாருக்காவது குறையும் என்றே வருஷா வருஷம் ஒரு படி விதை கூடுதலாக விடுகிற மனுஷர். அறுபது தாண்டியவர். அந்த ஆறு குடும்பத்துக்கும் மூத்தவர் என்று அவரைத்தான் வைத்திருந்தார்கள். சங்கத்து விதை போக, வீட்டுச் சாப்பாட்டுக்கென்று குண்டு நெல்லும் ஓரமாக நாற்று விட்டிருந்தார். மழையில் நனைந்துகொண்டே அந்தக் குண்டு நெல் நாற்றில் பத்துக் கட்டைத் தலையில் சுமந்து வந்து வரப்பில் போட்டார்.

"இந்தா சகாயம். மூலைய மூளியா வுடாத" என்றார்.

மீதி இருந்த சொந்தக் கட்டுகளோடு கலந்து அதில் ஆறு கட்டு அவள் மூலைக்குச் சரியாகப் போயிற்று. மிச்சம் நாலு கட்டை வீணாக்குவானேன் என்று முனியம்மா, பச்சையப்பன் வயலிலேயே நாற்று விட்டுப்போன இடங்களில் ஊன்றிவிட்டாள். எல்லாருக்கும் நல்ல மனசு. யாருக்கும் ஒரு நிமிஷம்கூட உறைக்கவில்லை. குண்டு நெல் மூட்டையையும் சன்ன நெல் மூட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே யோசிக்கிறவர்கள், நாற்றை அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. நாற்று என்பது அங்கே தண்ணீர் மாதிரி.

மார்கழி பிறந்து இரண்டு நாள். செவ்வாய்க்கிழமை. பனி விலகுகிற நேரத்தில் சகாயம்மாள் மடையைத் திருப்பிவிடப் போனாள். பயிர் அப்போதுதான் பொதியைக் கிழித்துக்கொண்டு கதிரை வெளியே விட ஆரம்பித்திருந்தது. வடகிழக்கு மூலையில் மட்டும், சன்னக் கதிர்களுக்கு ஒரு சாண் மேலே, பால் பிடித்துத் தலை சாய்ந்த கதிர்கள் நின்றன. குண்டு நெல் பத்துப் பன்னிரண்டு நாள் முந்திவிடும். அவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு வரப்பிலேயே நடந்து போய்ப் பச்சையப்பன் வயலைப் பார்த்தாள். கறுத்த தலையில் நரை கண்டதுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாக அதே கதிர். வெள்ளிக்கிழமை லாவண்யா பூப்பருவத்து ஆய்வுக்கு வருவதாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது சவரிராஜ் வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். அவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை.

"பாவுல ஒரு எழ தப்பா வந்துச்சின்னா நீ இன்னா பண்ணுவ?"

"பாத்த ஒடனே அறுத்துட்டு வேற முடிவேன்."

"பாக்காதமாதிரி வுட்டுட்டா?"

"பாதி சேல ஆனப்புறம் மொதலாளி கண்டுபிடிப்பாரு."

"அவ்ளோதான் மேட்டரு. பயிர்லயும் அதே ரூல்தான்."

"பாவு என்னுது, நான் அறுத்துருவேன். இது பச்சையப்பன் பெரியப்பா குடுத்த நாத்துய்யா. அவுருகிட்ட போயி இன்னான்னு சொல்றது? அந்த மேடம் கேட்டதுக்கு வேற நான் தலைய ஆட்டிகினு நின்னேன்."

"உன் தலையாட்டலுக்கு நான் ஒருத்தன் மாட்டினது போதாதா? போயி வாயத் தொறந்து சொல்லு. அவுரு இன்னா உன்ன முழுங்கிடவா போறாரு" என்றான். பிறகு இறங்கி, டீ டம்ளரை அவள் கையில் கொடுத்து, வெள்ளிக்கிழமை வரைக்கும் தறிக்கு லீவு சொல்லிவிடுகிறேன் என்றான்.

அன்றைக்குச் சாயங்காலமே தனசேகரன் ஆறு குடும்பத்தையும் சங்கத்துக் களத்தில் கூட்டினார். சகாயம்மாள் அவரிடம் முன்னாலேயே சொல்லியிருந்தாள். அவரே சொல்லிவிடுவார் என்று நினைத்து முனியம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஆனால் அவர், சகாயம்மா ஒரு விஷயம் பேசணுமாம் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவள் எழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, தன் மூலையில் கலவன் இருக்கிறது என்றாள். கலவன் என்றால் ஒரு ரகத்துக்குள் கலந்துபோன வேறு ரகம். பச்சையப்பன் வயலிலும் இருக்கிறது, நாற்று குறைந்தபோது நட்டது என்றாள். வேரோடு பிடுங்கிவிட்டால் தேறலாம் என்று தனசேகரன் சேர்த்துக்கொண்டார்.

பச்சையப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்தார்.

"புடுங்கறதா? பால் புடிச்ச பயிரயா?"

"அதான் ரூல்ஸுங்க" என்றார் தனசேகரன்.

"சார், நாப்பது வருசமா பயிர் வெக்கிறேன். களையப் புடுங்கியிருக்கேன். கதிர் வந்தத எவனும் புடுங்கினதில்ல. அது சோறு." அவர் குரல் இறங்கிவிட்டது. "அது கெடக்கட்டும். இப்ப இன்னா சொல்ல வரீங்க? நான் குடுத்த நாத்தால எட்டு ஏக்கரும் கெட்டுப்போச்சி, அதானே?"

முனியம்மாதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "குடுத்தவரு நீ, நட்டவ நானு. ரெண்டு பேரும் சேந்து உள்ள போலாம் வா, ஜெயில்ல களி நல்லா இருக்குதாம்" என்றாள்.

ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் பேஜாராகிவிட்டது. பச்சையப்பன் எழுந்தார். அவரவர் வயலில் அவரவர் இஷ்டம்போலப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றும், தன் வயலில் யாரும் கால் வைக்கக்கூடாது என்றும் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவருடைய ஒன்றரை ஏக்கர் எட்டுக்கும் நடுவில் இருக்கிறது என்பதை யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

புதனும் வியாழனும் வேலை நடந்தது. ஐந்து குடும்பத்திலிருந்து பதினோரு பேர். கலவன் பிடுங்குவது குனிந்து செய்கிற வேலையே இல்லை. நிமிர்ந்து பார்க்கிற வேலை. முதல் நாள் ஆரம்பத்தில் எல்லாரும் களை எடுப்பதுபோலக் குனிந்துகொண்டு போனார்கள். பாதியைத் தவறவிட்டார்கள். சகாயம்மாள் பின்னாலேயே வந்து விட்டதையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த முனியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கண்ணுக்குத் தெரியாதது உனக்கு மட்டும் எப்பிடிடி தெரியுது? வெளக்கெண்ண வுட்டுகினு வந்தியா?"

"கீழ பாக்காத யக்கா. வெயில முதுகுல வாங்கிகினு நில்லு. மேலாக்காப் பாரு. பாவு விரிச்சமாதிரி தெரியும். அதுல எது தூக்கிகினு நிக்கிதோ, அதுதான்."

முனியம்மா திரும்பி நின்று பார்த்தாள். "அட, ஆமா. வரிசையா தெரியுதுடி" என்றாள். அதற்கப்புறம் எல்லாரும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைக்கு எட்டுகிற இடைவெளி விட்டு வரிசையாக நடந்தார்கள். முழங்கால் வரைக்கும் சேறு. வேரோடு பிடுங்கி, சேற்றை அலசி, இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக வேண்டும். உள்ளே போட்டால் திரும்பத் துளிர்த்துவிடும். வரப்புக்குக் கொண்டு வந்துதான் ஆக வேண்டும். நெல் இலை உரசி உரசிக் கையெல்லாம் வரிவரியாக அரித்தது. பத்து மணிக்கு ஒருமுறை வரப்பில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் குடித்தார்கள். சவரிராஜ் வீட்டிலிருந்து வறுத்த மோர் மிளகாயும் வேர்க்கடலைத் துவையலும் கொண்டு வந்திருந்தான். தறியில் உட்கார்ந்து பழகிய இடுப்பு சேற்றில் ஒத்துழைக்காமல் அவன் இரண்டு முறை விழுந்தான். பட்டு நெய்கிற ஆளுக்குச் சேறு நல்ல சரிகை போட்டுவிட்டது என்று முனியம்மா சொல்லி, அன்று முழுக்க அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

யாரும் சகாயம்மாளைத் தலைவி என்று சொல்லவில்லை. ஆனால் சந்தேகம் வந்தால் பயிரைப் பிடித்துக்கொண்டு, "இது எதுடி சகாயம்?" என்று அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவளும் வயலுக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும்படி பதில் சொன்னாள். அவளுக்கு அவ்வளவு சத்தமாகப் பேச வரும் என்பது சவரிராஜுக்கே தெரியாது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து வயலும் முடிந்தன. நடுவில் பச்சையப்பன் வயல், தலை சாய்ந்த குண்டுக் கதிர்களோடு அப்படியே நின்றது. கையைக் காலைக் கழுவிக்கொண்டு சகாயம்மாள் அவர் வீட்டுக்குத் தனியாகப் போனாள். அவர் கொட்டகையில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

"பெரியப்பா."

"ம்."

"எங்க வயல் அஞ்சும் ஆயிடுச்சி."

"பாத்தேன். ஊரே நின்னு புடுங்கிகினு இருந்தீங்க."

"உங்களுது மட்டும் பாக்கி."

"அது பாக்கியாவே இருக்கட்டும்." வாளியைத் தட்டிவிட்டுத் தொட்டிக்கு வந்தார். "எம்மா, இந்த ஊர்ல என் நாத்து போவாத வயல் எது, சொல்லு. உங்க மாமனாரு நட்டாரு, முனியம்மா அப்பன் நட்டான். ஒருத்தன் வந்து அது சொத்தன்னு சொன்னதில்ல. இப்ப ஒரு காயிதம் வந்து சொல்லுது. நீங்களும் சேந்துகினு சொல்றீங்க."

"சொத்தன்னு யாரு சொன்னாங்க? நல்ல நெல்லுதான். நீங்க குடுக்கலன்னா அன்னிக்கி என் மூல தரிசா கெடந்திருக்கும். குடுத்ததுல தப்பு இல்ல பெரியப்பா. கேட்டப்ப சொல்லாம வுட்டேனே, அதான் தப்பு. அது என்னுது."

அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் விடாமல் தொடர்ந்தாள்.

"நாத்த நாம நமக்குள்ள குடுத்து வாங்கினப்ப யாரு எத்த நட்டான்னு நமக்குத் தெரியும். இந்த வெத முன்னப்பின்ன தெரியாத ஊருக்குப் போவுது. அங்க ஒருத்தரு நம்ம மூட்டைய நம்பிப் பிரிப்பாரு. அவுரு வயல்ல பாதி முன்ன பூத்து பாதி பின்ன பூத்தா, அறுக்கறதுக்கு அவுரு இன்னா பண்ணுவாரு? அவுருக்கு நம்ம மொகங்கூடத் தெரியாது."

இவ்வளவு நீளமாக அவள் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கி அந்த மேடம் வந்தா நான் நடந்தத சொல்லிடப்போறேன். உங்க பேரச் சொல்லமாட்டேன். ரெண்டு நாத்தங்கால் நாத்துன்னு சொல்லுவேன்" என்றாள்.

அவர் தொட்டியில் தவிட்டை ஊற்றினார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு லாவண்யா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஆறு குடும்பமும் வரப்பில் நின்றது. பச்சையப்பனும் வந்திருந்தார், தன் டிவிஎஸ் வண்டியைப் பனைமரத்தில் சாய்த்து வைத்துவிட்டு எல்லாருக்கும் பின்னால் நின்றார். லாவண்யா பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு எங்கே ஆரம்பிக்கலாம் என்று தனசேகரனைக் கேட்டார். அவர் கையை நீட்டுவதற்குள் சகாயம்மாள் முன்னால் வந்துவிட்டாள்.

"மேடம், அன்னிக்கி நீங்க ஒரே நாத்தங்காலான்னு கேட்டீங்க. நான் தலைய ஆட்டினேன். அது நெசமில்ல. நாத்து பத்தாம வேற நாத்து வாங்கி நட்டோம். என் வயல்ல, அந்த மூலையில. பக்கத்து வயல்லயும் கொஞ்சம்."

தனசேகரன் கண்ணை மூடிக்கொண்டார். லாவண்யா பேனா மூடியைக் கடித்தபடி அவளையே பார்த்தார்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்வளவு சிக்கலே இல்ல தெரியுமா? அப்பவே பிடுங்கி வேற நட்டிருக்கலாம்."

"தெரியாம பண்ணிட்டேங்க."

"இப்ப ஏன் சொல்றீங்க? களைஞ்சிட்டீங்க போலருக்கே. சொல்லாம இருந்தா எனக்குத் தெரியவா போகுது?"

லாவண்யா தாளில் எதையோ அடித்துத் திருத்தி எழுதினார்.

"சரி. எந்த மூலைன்னு காமிங்க. அங்கயே மொதல்ல எண்ணறேன்."

எண்ணுவது என்றால் நிஜமாகவே எண்ணுவது. ஒரு இடத்தில் இறங்கி, ஆயிரம் கதிரை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தள்ளி எண்ண வேண்டும். முனியம்மாகூட வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிவிட்டு நின்றாள். நானூற்றில் ஒரு கலவன் கிடைத்தது. லாவண்யா அதைப் பிடுங்கி மேலே எறிந்தார். அது சகாயம்மாள் காலடியில் வந்து விழுந்தது. அதற்கப்புறம் ஆயிரம் வரைக்கும் ஒன்றும் இல்லை.

"ஒண்ணு. தேறுது" என்றார்.

இன்னும் நாலு வயல். ஒரு வயலில் ஒன்று, மற்ற மூன்றிலும் ஒன்றுகூட இல்லை. கடைசியாகப் பச்சையப்பன் வயலில் இறங்கினார். முந்நூறு எண்ணுவதற்குள் நாலு வந்துவிட்டது. ஆயிரத்தில் பதினொன்று. அவர் மேலே ஏறி வந்து தனசேகரனிடம் தாழ்ந்த குரலில் பேசினார். மொத்தப் பதிவையும் இப்போது நிராகரிக்க வேண்டும். ஆனால் ஒரு மறு ஆய்வுக்கு இடம் இருக்கிறது. கலவன் கண்ணுக்குத் தனியாகத் தெரிகிற நிலையில் இருப்பதால் அதைக் கொடுக்கலாம். அவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு ஊர் பாக்கி. மூன்றரை மணிக்குத் திரும்பி வருவார். அதற்குள் களைந்திருந்தால் பார்ப்பார். இல்லாவிட்டால் எழுதிவிட்டுப் போய்விடுவார்.

ஸ்கூட்டி போன பிறகும் யாரும் நகரவில்லை. மற்ற எல்லாரும் வேறு எங்கோ பார்ப்பதுபோலப் பச்சையப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தன் வயலைப் பார்த்தபடி நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் சட்டையைக் கழற்றி வண்டி மேல் போட்டார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். வயலில் இறங்கினார்.

கிழக்குப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டுதான் இறங்கினார். இரண்டடி போனவர் நின்றார். சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். முதல் தூரைப் பிடித்தார். பிடித்த கை பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஒரே இழுப்பு.

"ஜல்தி எறங்குங்கடி" என்றாள் முனியம்மா. பதினோரு பேரும் இறங்கினார்கள்.

அன்றைக்குப் பத்து மணிக் கூழ் கிடையாது. யாரோ தண்ணீர் கொண்டு வந்து வரப்போரம் வைத்தார்கள், நின்றபடியே குடித்தார்கள். பச்சையப்பன் பிடுங்கியதை எல்லாரையும்போலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து வரப்பில் போட்டார். உச்சி வெயிலில் நிழல் காலடிக்கு வந்துவிட்டது. எது உயரம் எது குட்டை என்று தெரியாமல் எல்லாருக்கும் கண் கூசியது. அப்போது அவர் ஒரு தூரைக் கையில் பிடித்துக்கொண்டு சகாயம்மாள் பக்கம் பார்த்தார். கதிரை அவளுக்குத் தெரியும்படி சாய்த்துக் காட்டினார். அவள் கிட்டே போய் ஒரு மணியை நகத்தால் பிரித்துப் பார்த்தாள்.

"இது நம்ம வெதநெல்லுதான் பெரியப்பா. உரம் கொஞ்சம் ஜாஸ்தியா வாங்கி எகிறிகினு நிக்கிது. வுட்டுடுங்க."

அவர் கையை எடுத்துவிட்டார். அதற்கப்புறம் நாலைந்து தடவை அப்படிக் காட்டினார். அவள் ஆமாம் என்றதைப் பிடுங்கினார், இல்லை என்றதை விட்டார்.

மூன்றரைக்கு என்று சொன்ன லாவண்யா நாலு மணிக்கு வந்தார். இந்த முறை நேராகப் பச்சையப்பன் வயலின் நடுவுக்குப் போனார். எண்ணினார். திரும்ப ஒரு தரம், வேறு இடத்தில். வரப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அவர் ஏறி வந்து, கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை, இரண்டாவதில் ஒன்று என்றார். எட்டு ஏக்கரும் தேறியது.

முனியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சங்கம் கேட்ட மூட்டைய குடுத்துடலாம்" என்றாள். சவரிராஜ் சேற்றுக் கையோடு தனசேகரனின் வெள்ளைச் சட்டைத் தோளைத் தட்டிவிட்டான். லாவண்யா ஸ்கூட்டி சீட்டின் மேல் தாளை வைத்து எழுதினார். எழுதிக்கொண்டே, அறுவடைக்கு முன்னால் இன்னொரு தரம் நடந்து பார்க்க வேண்டும், பின்னால் பூக்கிற கலவன் அப்போதுதான் தெரியும் என்றார். அறுக்கிற மெஷினை வயலில் இறக்குமுன் உள்ளே முழுக்கக் கூட்டித் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். போன ஊர் நெல் ஒரு மணிகூட அதற்குள் இருக்கக்கூடாது. அதற்கெல்லாம் ஒரு ஆள் பொறுப்பாக இருந்தால் அவர் நேராக அந்த ஆளுக்கே போன் செய்வார்.

"அய்யாதாங்க எங்களுக்கு மூத்தவரு" என்று தனசேகரன் பச்சையப்பனைக் காட்டினார். லாவண்யா ஆய்வு அறிக்கையின் நகலைக் கிழித்து அவரிடம் நீட்டினார்.

பச்சையப்பன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்போல ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். சட்டையை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சகாயம்மாள் வாய்க்காலில் கால் கழுவிவிட்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். அவளிடம் வந்தார். அந்தத் தாளை அவள் ஈரக் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினார். பனைமரத்தில் சாய்த்திருந்த வண்டியை எடுத்து மிதித்தார். தனசேகரன் பின்னாலிருந்து ஏதோ கேட்டார். அதற்கும் திரும்பவில்லை. ஏரிக்கரை மேல் ஏறிப் போய்விட்டார்.